எமர்ஜென்சி அடிச்சா ஏஎல் 63 அலாரம் வருது, இசட் ஆக்சிஸ் கீழ எறங்குது. சர்வோல எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப், மோட்டார் டார்க்க கட் பண்ற சேஃப்டி இன்புட்) வயரிங் எப்படிங்க பண்றது?

பேனல்பூனை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல எஸ்பிஎம் (ஸ்பெஷல் பர்பஸ் மெஷின்) பண்ற சின்ன கம்பெனில பேனலும் ப்ரோக்ராமும் நான்தான் பாக்கறேன். இப்ப ஒரு மூணு ஆக்சிஸ் கேன்ட்ரி செஞ்சிருக்கோம், மோல்டிங் மெஷின்ல இருந்து வர்ற பீஸ எடுத்து ட்ரேல அடுக்கற வேலை. எக்ஸும் ஒய்யும் பெல்ட், இசட் மட்டும் 10 எம்எம் பிட்ச் பால் ஸ்க்ரூ. மூணுமே மிட்சுபிஷி எம்ஆர்-ஜே4-ஏ ட்ரைவ், பிஎல்சி (மெஷின ஓட்டற கன்ட்ரோலர்) பல்ஸ் விட்டு நகத்தற பல்ஸ் ட்ரெயின் மோடு. இசட்ல மட்டும் பிரேக் மோட்டார். க்ரிப்பரோட சேத்து இசட்ல தொங்கற வெயிட் ஒரு 14 கிலோ வரும்.

மொதல்ல நாங்க எப்பவும் பண்ற மாதிரிதான் பண்ணிருந்தோம், எமர்ஜென்சி பட்டனோட ஒரு என்சி (அழுத்துனா தெறக்கற காண்டாக்ட்) பிஎல்சி இன்புட்டுக்கு, இன்னொரு என்சி ட்ரைவ் மெயின் சப்ளைக்கு போற காண்டாக்டர் காயிலுக்கு. ஆனா இந்த மெஷின் ஜெர்மனிக்கு போகுது, கஸ்டமர் அனுப்புன சேஃப்டி ஆடிட்டர் ட்ராயிங்க பாத்துட்டு இது ஆகாது, ட்ரைவ்ல எஸ்டிஓ இருக்குல்ல அத ரெண்டு சேனல்ல யூஸ் பண்ணுங்க, பிஎல் டி (பெர்ஃபார்மன்ஸ் லெவல், சேஃப்டி சர்க்யூட்டோட தரம்) வேணும்னு எழுதிட்டு போயிட்டார். சரின்னு சிஎன்8-ல கம்பெனில இருந்தே மாட்டி வர்ற ஷார்ட் கனெக்டர கழட்டிட்டு, எமர்ஜென்சியோட ரெண்டு என்சி வழியா 24 வோல்ட்ட எஸ்டிஓ1, எஸ்டிஓ2-க்கு நேரா குடுத்துட்டேன்.

இப்ப என்னாகுதுன்னா மெஷின் ஓடறப்ப எமர்ஜென்சி அடிச்சா மூணு ட்ரைவுலயும் ஏஎல் 63 வருது, எக்ஸ் ஆக்சிஸ் சட்டுனு நிக்காம வழுக்கிட்டே போய் எண்ட் ஸ்டாப்பர்ல முட்டுது, இசட் கீழ எறங்கிட்டு இருக்கறப்ப அடிச்சா இன்னும் பத்து பன்னெண்டு எம்எம் எறங்கிட்டுதான் நிக்குது. பழைய வயரிங்ல கூட இத விட நல்லா நின்னுச்சு போலிருக்கு. ட்ரைவ்ல ஏதாச்சும் பாராமீட்டர் விட்டுட்டனா, இல்ல வயரிங்கே தப்பா? அப்புறம் மெயின் காண்டாக்டர வச்சுக்கறதா தூக்கிடறதா? யாராச்சும் இந்த மாதிரி பண்ணிருந்தா சொல்லுங்க.


டார்க்ரெஞ்ச்:

ப்ரோ ட்ரைவ் மேல ஒரு தப்பும் இல்ல, நீங்க சொன்னத அது அப்படியே செய்யுது. எஸ்டிஓன்னா மோட்டாருக்கு டார்க் குடுக்கற பல்ஸ அந்த நொடியே கட் பண்றது, அவ்ளோதான். அதுக்கு மோட்டார நிறுத்தத் தெரியாது. ஓடிட்டிருக்கற மோட்டார்ல எஸ்டிஓ எடுத்தா ட்ரைவ் அத எஸ்டிஓ டைமிங் எரர்னு பாக்குது, அதான் ஏஎல் 63. அதாவது "நான் ஓடிட்டு இருக்கேன், இப்ப ஏன் எடுத்த"ன்னு ட்ரைவ் உங்கள கேக்குது. மோட்டார் நின்னதுக்கு அப்புறம் எஸ்டிஓ எடுத்து பாருங்க, அந்த அலாரம் வராது.

ஐஈசி 60204-1-ல ஸ்டாப் கேட்டகிரின்னு மூணு இருக்கு. கேட்டகிரி 0ன்னா பவர உடனே எடுக்கறது, நீங்க இப்ப பண்றது அதான். கேட்டகிரி 1ன்னா மொதல்ல ட்ரைவே பிரேக் போட்டு நிறுத்தும், நின்னதும் பவர எடுக்கறது. கேட்டகிரி 2-ல நின்ன பிறகும் பவர் இருந்துட்டே இருக்கும், அது எமர்ஜென்சிக்கு ஆகாது. எமர்ஜென்சிக்கு 0 இல்லாட்டி 1, இது ரெண்டுல எதுன்னு மெஷினோட ரிஸ்க் அசெஸ்மென்ட்தான் சொல்லணும். உங்க கேன்ட்ரி மாதிரி ஸ்பீடா ஓடற, தொங்கற வெயிட் இருக்கற மெஷினுக்கு 1தான் சரி. எமர்ஜென்சின்னாலே ஒடனே கரண்ட்ட புடுங்கணும்ங்கற நெனப்பு நம்ம ஊர்ல ரொம்ப ஆழமா இருக்கு, இண்டக்ஷன் மோட்டாரும் ஸ்டார்டரும் இருந்த காலத்துல இருந்து வந்த பழக்கம் அது. சர்வோல கரண்ட்ட புடுங்குனா நல்ல பிரேக்க நாமளே கழட்டி எறிஞ்ச மாதிரிதான்.

ஜே4-ல இதுக்குன்னே இஎம்2ன்னு ஒரு இன்புட் இருக்கு பாருங்க, சிஎன்1-ல 42-வது பின். அது ஆஃப் ஆனா ட்ரைவ் ராம்ப்ல, அதாவது ஸ்பீட சீரா கொறச்சு நிறுத்தி, பிரேக் பிடிக்கற மாதிரி பிரேக் சிக்னல ஆஃப் பண்ணி, அப்புறமா மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற பேஸ் சர்க்யூட்ட கட் பண்ணும். ராம்ப் டைம் பிசி51 பாராமீட்டர்ல, டீஃபால்ட் 100 மில்லிசெகண்ட், அது ரேட்டட் ஸ்பீட்ல இருந்து ஜீரோ வரைக்கும் ஆகற டைம். பிஏ04-ல இஎம்1னு மாத்தி வச்சிருந்தா மட்டும் ராம்ப் இல்லாம நேரா டைனமிக் பிரேக் (மோட்டார் வைண்டிங்க ஷார்ட் பண்ணி நிறுத்தறது) போடும், அத ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.

அதனால நடுவுல ஒரு சேஃப்டி ரிலே வேணும், சும்மா இல்ல, டிலே காண்டாக்ட் உள்ளது. பில்ஸ்ல பிநோஸ் எஸ்5 மாதிரி, சீமன்ஸ் ஓம்ரான்லயும் கெடைக்கும். எமர்ஜென்சி ரெண்டு சேனலும் ரிலே இன்புட்டுக்கு. ரிலேயோட இன்ஸ்டன்ட் காண்டாக்ட் இஎம்2-க்கு, டிலே காண்டாக்ட் ரெண்டும் எஸ்டிஓ1க்கு ஒண்ணு எஸ்டிஓ2க்கு ஒண்ணு. பட்டன் அடிச்சதும் இஎம்2 போயி ட்ரைவ் நிறுத்தும், டிலே முடிஞ்சதும் எஸ்டிஓ போகும். இதத்தான் எஸ்எஸ்1-டி (சேஃப் ஸ்டாப் 1, டைம் வச்சு)ன்னு ஐஈசி 61800-5-2-ல சொல்றாங்க. சீமன்ஸ் வி90 சர்வோல பண்ணாலும் இதே கதைதான், அங்க இஎம்ஜிஎஸ் இன்புட், இங்க இஎம்2. யாஸ்காவால எஸ்டிஓ எடுத்தா டிஸ்ப்ளேல எச்பிபின்னு காட்டும். பேருதான் வேற வேற.


பழையவயர்மேன்:

தம்பிகளா கோச்சுக்காதீங்க, எனக்கு இந்த எஸ்டிஓ மேல அவ்ளோ நம்பிக்கை வரல. காண்டாக்டர் விழுந்தா டக்குன்னு சத்தம் கேக்கும், கண்ணுல பாக்கலாம், நடுவுல காத்து இடைவெளி இருக்கு, கரண்ட் தாண்டாது. எஸ்டிஓ ட்ரைவுக்குள்ள எங்கயோ ஒரு ஐசில நடக்கற சமாச்சாரம், அத நம்பி மெஷினுக்குள்ள கைய விட சொல்றீங்களா? நாங்க பல வருஷமா மெயின் காண்டாக்டர்லயே கட் பண்ணி ஓட்டிட்டு இருக்கோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. வேணும்னா ரெண்டு காண்டாக்டர சீரிஸ்ல போட்டுக்கோங்க, ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் இன்னொண்ணு விழும், ஆடிட்டரும் ஒத்துக்குவார். எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும்?


இன்டர்லாக்இந்திரன்:

அண்ணே நீங்க சொல்றதுல பாதி சரி, அந்த பாதிய கடைசில சொல்றேன், அது ரொம்ப முக்கியம்.

மொதல்ல காண்டாக்டர் கதை. சீரிஸ்ல ரெண்டு காண்டாக்டர், அதோட ஆக்சிலரி என்சிய ஃபீட்பேக்ல போட்டா ஐஎஸ்ஓ 13849-1 படி கேட்டகிரி 3 (இது ஸ்டாப் கேட்டகிரி இல்ல, சேஃப்டி சர்க்யூட்டோட கேட்டகிரி) வரும், அத யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா ட்ரைவுக்கு முன்னாடி மெயின கட் பண்றப்ப உள்ள டிசி பஸ் கெபாசிட்டர் ஃபுல் சார்ஜ்ல இருக்கு, மோட்டாருக்கு டார்க் குடுக்க அதுல இன்னும் தெம்பு இருக்கு. எவ்ளோ நேரம் இருக்கும்னு லோட பொறுத்து மாறும், நீங்க எழுதி குடுக்க முடியாது. லோட் ஜாஸ்தியா இருந்தா பஸ் வோல்டேஜ் சரிஞ்சு ஏஎல் 10 வரும், டைனமிக் பிரேக்ல நிக்கும், லோட் கம்மின்னா வேற மாதிரி நிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நின்னா அத வச்சு சேஃப்டி டிஸ்டன்ஸ் எப்படி கணக்கு போடறது? இன்னொண்ணு, அடிக்கடி மெயின ஆன் ஆஃப் பண்ணா கெபாசிட்டர் சார்ஜ் ஆகற இன்ரஷ் கரண்ட் ட்ரைவுக்குள்ள இருக்கற ரிலேயயும் ரெசிஸ்டரயும் தின்னுடும், எல்லா ட்ரைவ் மேனுவல்லயும் அத பத்தி எச்சரிக்கை இருக்கும். ஆபரேட்டர் பீஸ் சிக்குச்சுன்னா ஒடனே எமர்ஜென்சி தட்டற ஊர் நம்ம ஊரு.

சில பேர் ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல காண்டாக்டர் போடறாங்க, அது இன்னும் மோசம். ட்ரைவ் ஆன்ல இருக்கறப்ப அங்க தெறந்தா ஆர்க் அடிக்கும், மெதுவா ஓடற மோட்டார்ல போற கரண்ட் கிட்டத்தட்ட டிசி மாதிரி, ஏசி காண்டாக்டரால அத சுலபமா அணைக்க முடியாது.

எஸ்டிஓ ஏதோ ஐசின்னு நெனைக்காதீங்க. ரெண்டு தனி சேனல், ரெண்டும் ஐஜிபிடி (மோட்டார் கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற ட்ரான்சிஸ்டர்) கேட்டுக்கு போற பல்ஸ தனித்தனியா நிறுத்தும். பெர்மனன்ட் மேக்னட் மோட்டார சுத்த வைக்க ஆறு ஐஜிபிடியும் வரிசை மாறாம ஆன் ஆஃப் ஆகணும், கேட் பல்ஸே இல்லன்னா எப்படி சுத்தும்? ரொம்ப அபூர்வமா ரெண்டு டிவைஸ் ஒரே நேரத்துல ஷார்ட் ஆச்சுன்னா கூட மோட்டார் ஒரு சின்ன ஜெர்க் குடுத்து நின்னுடும், அதிகபட்சம் எலக்ட்ரிகல் 180 டிகிரி. 8 போல் மோட்டார்ல அது 45 டிகிரி, 10 எம்எம் பிட்ச் ஸ்க்ரூல 1.25 எம்எம். இதையும் ரிஸ்க் அசெஸ்மென்ட்ல ஒரு வரி எழுதிடுங்க பூனை, ஆடிட்டர் சந்தோஷப்படுவார்.

இப்ப அண்ணன் சொன்ன சரியான பாதி. எஸ்டிஓ எலக்ட்ரிகல் ஐசொலேஷன் கிடையாது. எஸ்டிஓ போட்டிருக்கற ட்ரைவோட யு வி டபிள்யூ டெர்மினல்ல வோல்டேஜ் இருக்கும், பஸ்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். வயர தொடற வேலை, மோட்டார் கேபிள் கழட்டற வேலை எதுவா இருந்தாலும் மெயின் ஐசொலேட்டர் ஆஃப், பூட்டு, சார்ஜ் லாம்ப் அணையற வரைக்கும் வெயிட்டிங், ஜே4 மேனுவல்ல 15 நிமிஷம்னு போட்டிருக்கும், அதுக்கப்புறம் மல்டிமீட்டர வச்சு பாத்துட்டுதான் கைய வைக்கணும். சிக்குன பீஸ எடுக்க எஸ்டிஓ போதும், கரண்ட் வேலைக்கு போதாது. அதனால பூனை, காண்டாக்டர தூக்காதீங்க, இருக்கட்டும். எமர்ஜென்சில இருந்து மட்டும் அத பிரிச்சுடுங்க, மெஷின் ஆன் பண்றதுக்கும் ட்ரைவ் அலாரம் வந்தா விழறதுக்கும் வச்சுக்கோங்க. கன்ட்ரோல் சப்ளை எல்11 எல்21 தனியா இருக்கறதால என்கோடர் எல்லாம் உயிரோட இருக்கும்.


பேனல்பூனை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்ண்ணா, வயர்மேன் அண்ணாவுக்கும்தான். டிலே ரிலே கெடைச்சு போட்டாச்சு. எம்ஆர் கான்ஃபிகரேட்டர் சாஃப்ட்வேர் கிராஃப்ல இஎம்2 ஆஃப் ஆன நேரத்துல இருந்து ஸ்பீட் ஜீரோ ஆகற வரைக்கும் பாத்தேன். எக்ஸ் 1.2 மீட்டர்/செகண்ட்ல ஓடறப்ப மோட்டார் 2400 ஆர்பிஎம். பிசி51 டீஃபால்ட்ல விட்டா பெல்ட் பல்லு தாண்டுது, அதனால 200 போட்டேன், இப்ப 160 மில்லிசெகண்ட்ல நிக்குது, கிட்டத்தட்ட 96 எம்எம் போகுது. ஸ்டாப்பர முட்டறது போச்சு. ஒய்யும் அதுக்குள்ளயே நின்னுடுது. இசட் 1500 ஆர்பிஎம்தான், பிசி51 100-லயே விட்டுட்டேன், 50 மில்லிசெகண்ட்ல நின்னுடுது.

ஏஎல் 63 இப்ப வரல, ஏஎல் இ6 (ஃபோர்ஸ்டு ஸ்டாப் வார்னிங்) மட்டும் காட்டுது, பட்டன ரிலீஸ் பண்ணி ரீசெட் பண்ணா போயிடுது. டிலே 300 மில்லிசெகண்ட் வச்சிருக்கேன்.

இப்ப மூணு சந்தேகம்ங்க. ஒண்ணு இசட் பிரேக், இப்ப ட்ரைவோட பிரேக் அவுட்புட் எம்பிஆர்ல ஒரு ரிலே போட்டு 24 வோல்ட் குடுக்கறேன், அது போதுமா, இல்ல அதையும் சேஃப்டி ரிலேல சேக்கணுமா, சேத்தா இன்ஸ்டன்ட்லயா டிலேயிலயா? ரெண்டாவது, ட்ரே எடுக்கற பக்கம் கதவு இல்ல, 30 எம்எம் ரெசல்யூஷன் லைட் கர்ட்டன் இருக்கு, க்ரிப்பர் வர்ற கடைசி எடத்துல இருந்து 400 எம்எம் தள்ளி. அதையும் இதே ரிலேல சேத்துடலாமா? மூணாவது, டிஓஎஃப்பி1, டிஓஎஃப்பி2ன்னு எஸ்டிஓ நிலைமைய சொல்ற அவுட்புட் ட்ரைவ்ல இருக்கே, மூணு ட்ரைவோடதையும் சீரிஸ் பண்ணி ரிலே ஃபீட்பேக்ல குடுக்கலாமா?


இன்டர்லாக்இந்திரன்:

கிராஃப் எடுத்து பாத்து டிலே வச்சீங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ். முக்கால்வாசி பேனல்ல டிலே நாப் எங்க இருக்குமோ அங்கயேதான் இருக்கும், கேட்டா "செட் ஆயிடுச்சு சார்"ம்பாங்க. ஃபுல் லோடோட, ஃபுல் ஸ்பீடுல, ரெண்டு பக்கமும் ஓட்டி, இசட் கீழ எறங்கறப்பவும் எடுத்தீங்கள்ல? இல்லாட்டி திரும்ப எடுங்க.

பிரேக்க பத்தி விலாவாரியாவே சொல்றேன், ஆளுங்க அடிபடறது பெரும்பாலும் அங்கதான். சர்வோ மோட்டார் பிரேக் நின்னத பிடிச்சு வச்சுக்க செஞ்சது, ஓடறத நிறுத்த செஞ்சதில்ல. ஸ்ப்ரிங்ல பிடிக்கும், 24 வோல்ட் குடுத்தா விடும். 24 வோல்ட்ட எடுத்த அந்த நொடியே பிடிக்காது, காயில்ல இருக்கற கரண்ட் அடங்கி ப்ளேட் வந்து ஒட்டறதுக்கு கொஞ்சம் மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்துல மோட்டார்ல டார்க் இல்லன்னா வெயிட் சும்மா விழும். பால் ஸ்க்ரூ, பெல்ட் எதுவும் இல்லாம அப்படியே விழறதா வச்சுக்கிட்டா 50 மில்லிசெகண்ட்ல 12 எம்எம், 100 மில்லிசெகண்ட்ல 49 எம்எம். உங்களுக்கு ஸ்க்ரூவும் மோட்டாரும் சேந்து இழுக்கறதால இவ்ளோ விழாது, ஆனா எறங்கிட்டு இருந்த ஸ்பீடு அதோட சேந்துக்கும். மொதல்ல நீங்க பாத்த பத்து பன்னெண்டு எம்எம் இதான்.

அதனால வரிசை இப்படி இருக்கணும்: இஎம்2 போகுது, ட்ரைவ் நிறுத்துது, எம்பிஆர் விழுது, பிரேக் பிடிக்குது, பிடிச்ச அப்புறம் பேஸ் ஆஃப், அதுக்கும் அப்புறம் எஸ்டிஓ. எம்பிஆர் விழுந்து பேஸ் ஆஃப் ஆகற வரைக்கும் எவ்ளோ நேரம் டார்க் வச்சிருக்கணும்ங்கறது பிசி16. மோட்டார் ஸ்பெக்ல பிரேக் பிடிக்கற டைம் பாத்து அதுக்கு மேல வைங்க. 50 வச்சீங்கன்னா இசட் மொத்தம் 100-ல முடிஞ்சுடும், டிலே 300, தாராளமா எடம் இருக்கு. பிசி54ன்னு ஒண்ணு இருக்கு, நிக்கறப்ப ஆக்சிஸ கொஞ்சம் மேல தூக்கி வச்சுட்டு பிரேக் போடும், டூலுக்கு அடில கேப் கம்மியா இருந்தா உதவும், உங்களுக்கு தேவைப்படாதுன்னு நெனைக்கறேன்.

எம்பிஆர் மட்டும் போதுமான்னு கேட்டீங்க. போதாது. அது சாதாரண ட்ரான்சிஸ்டர் அவுட்புட், அதுக்கு பின்னாடி ஒரு சாதாரண ரிலே. ரெண்டுல ஒண்ணு ஒட்டிக்கிட்டா எஸ்டிஓ போன அடுத்த நொடி பிரேக் இல்லாம 14 கிலோ கீழ வரும், ட்ரைவுக்கு தெரியவே தெரியாது. எம்பிஆர் ரிலே காண்டாக்டோட சீரிஸ்ல சேஃப்டி ரிலேயோட காண்டாக்ட் ஒண்ணையும் போடுங்க. அது டிலே காண்டாக்ட்டாதான் இருக்கணும். இன்ஸ்டன்ட்ல போட்டா மோட்டார் ஓடிட்டு இருக்கறப்பவே பிரேக் கவ்வும், ஒவ்வொரு எமர்ஜென்சிக்கும் லைனிங் தேயும், கொஞ்ச நாள்ல பிடிக்கவே பிடிக்காது. டிலேல காண்டாக்ட் பத்தலன்னா எக்ஸ்பான்ஷன் மாட்யூல் போட்டுக்கலாம். பிரேக்குக்கு 24 வோல்ட் சப்ளை தனியா வைங்க, இன்புட் அவுட்புட் சப்ளைல இருந்து எடுக்காதீங்க.

அப்பவும் பிரேக் ஒண்ணுதான், அதுவே தேஞ்சிருந்தா? க்ளீனிங்குக்கோ டூல் மாத்தவோ க்ரிப்பருக்கு அடில ஆள் தலைய விடுற மெஷின்னா மெக்கானிக்கலா ஒரு லாக் பின் கண்டிப்பா வைங்க, பின் போட்டாச்சுன்னு ஒரு ஸ்விட்ச்சோட. எந்த எலக்ட்ரானிக்ஸும் அதுக்கு ஈடாகாது. கூடவே பிஎல்சில ஒரு பிரேக் டெஸ்ட் எழுதிடுங்க, ஷிஃப்ட் ஆரம்பத்துல பிரேக் போட்டபடியே மோட்டார்ல கீழ்ப்பக்கமா கொஞ்சம் டார்க் குடுத்து நகருதான்னு பாக்கறது.

லைட் கர்ட்டன். இங்கதான் உங்களுக்கு சிக்கல். ஐஎஸ்ஓ 13855 ஃபார்முலா தெரியும்ல, தூரம் = கை வர்ற வேகம் x மொத்த நேரம் + சி. வேகம் மொதல்ல செகண்டுக்கு 2000 எம்எம்னு போடணும், விடை 500-க்கு மேல வந்தா 1600 போட்டு திரும்ப கணக்கு பண்ணலாம், ஆனா 500-க்கு கீழ எறங்கக் கூடாது. சி வந்து, அதாவது கர்ட்டன் பிடிக்கறதுக்குள்ள கை உள்ள போற தூரம், 30 எம்எம் கர்ட்டனுக்கு 8 x (30 - 14) = 128. நேரம் எவ்ளோ? கர்ட்டன், ரிலே, எஸ்டிஓ எல்லாத்தோட ரெஸ்பான்சும் சேத்து 40ன்னு வைங்க, டிலே 300, ஆக 340 மில்லிசெகண்ட். 2000-ல போட்டா 808, 500-க்கு மேல, 1600-ல போட்டா 544 + 128 = 672 எம்எம். நீங்க வச்சிருக்கறது 400.

ஒடனே கேப்பீங்க, மெஷின் 160-லயே நின்னுடுதே ஏன் 300 போடணும்னு. ஏன்னா அந்த 160-க்கு யாரும் கேரண்டி இல்ல. இஎம்2 சேஃப்டி இன்புட் கிடையாது, ராம்ப்ப யாரும் கண்காணிக்கல. ஒரு வயர் கழண்டோ பாராமீட்டர் மாறியோ ராம்ப் நடக்கலன்னா டிலே முடியற வரைக்கும் மோட்டார் ஃபுல் ஸ்பீடுல ஓடும், அப்புறம் எஸ்டிஓ வந்து டார்க் இல்லாம கொஞ்சம் வழுக்கித்தான் நிக்கும். கறாரான ஆடிட்டர்னா அந்த வழுக்கற நேரத்தையும் சேக்க சொல்வார். ராம்ப்பையே மானிட்டர் பண்ற எஸ்எஸ்1-ஆர் உள்ள ட்ரைவ்னா இந்த பேச்சே வராது, ஆனா அதுக்காக மூணு ட்ரைவயும் மாத்தறது உங்க பட்ஜெட்ல நடக்காது. என் யோசனை, டிலேய 200-க்கு கொண்டு வாங்க, 160-க்கு மேல 40 மார்ஜின். மொத்தம் 240, 1600-ல போட்டா 384 + 128 = 512 எம்எம். கர்ட்டன 550-க்கு தள்ளிடுங்க. எடம் இல்லன்னா கர்ட்டன விட்டுட்டு கார்ட் லாக் உள்ள கதவு போடுங்க, மெஷின் நின்னாதான் கதவு தெறக்கும், அப்ப தூரம் பிரச்னையே இல்ல. நானா இருந்தா கதவுதான் போடுவேன்.

எமர்ஜென்சியையும் கர்ட்டனையும் ஒரே ரிலேல சேக்காதீங்க. எமர்ஜென்சி பட்டன் கடைசி ஆயுதம், ஆள தினமும் காப்பாத்தறது கார்டும் கர்ட்டனும்தான். ஐஎஸ்ஓ 13850 எமர்ஜென்சிக்கு குறைஞ்சது பிஎல் சி கேக்குது, உங்க ஆடிட்டர் டி கேட்டது கர்ட்டன மனசுல வச்சுத்தான் இருக்கும். ரெண்டு தனி ரிலே, இல்லன்னா சின்ன கான்ஃபிகரபிள் ரிலே ஒண்ணு வாங்கிடுங்க.


டார்க்ரெஞ்ச்:

இந்திரன் சார் பெருசா எழுதிட்டார், மூணாவது சந்தேகம் மட்டும் நான் சொல்லிடறேன். டிஓஎஃப்பி ட்ரான்சிஸ்டர் அவுட்புட், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் வோல்ட் விழும். மூணு ட்ரைவோடதையும் சீரிஸ் பண்ணா கடைசில ரிலேக்கு போய் சேர்ற வோல்டேஜ் பத்தாம ரீசெட் ஆகாம அடம் பிடிக்கும். ஒவ்வொரு ட்ரைவுக்கும் ஃபோர்ஸ் கைடட் காண்டாக்ட் (ஒண்ணு ஒட்டிக்கிட்டா மத்தது மாறாது) உள்ள ரிலே போட்டு அதோட காண்டாக்ட்ட சீரிஸ் பண்ணுங்க, இல்லாட்டி சேஃப்டி கன்ட்ரோலர் வாங்கறீங்கன்னா தனித்தனி இன்புட்டா குடுங்க.

ரீசெட் பத்தி யாரும் சொல்லல. எமர்ஜென்சிய ரிலீஸ் பண்ணதும் மெஷின் தானா ஓடக் கூடாது, ரீசெட் பட்டன் அடிச்சாலும் ஓடக் கூடாது, ரீசெட் வெறும் அனுமதிதான், ஸ்டார்ட் தனியா அடிக்கணும். ரீசெட் பட்டன ஒரு குச்சிய வச்சு அழுத்தியே கட்டி வைக்கற ஆளுங்க இருக்காங்க, அதனால பட்டன விடறப்ப எடுத்துக்கற மாதிரி மானிட்டர்டு ரீசெட் மோடுல வயர் பண்ணுங்க.

அப்புறம் நீங்க பல்ஸ் ட்ரெயின்ல ஓட்டறீங்க. இஎம்2 போனதும் ட்ரைவ் தன் இஷ்டத்துக்கு நிறுத்திடும், பிஎல்சி அதுக்குள்ள கொஞ்சம் பல்ஸ் விட்டிருக்கும், பிஎல்சி கணக்கும் மோட்டார் நிக்கற எடமும் ஒண்ணா இருக்காது. ரிலேல இருந்து ஒரு ஆக்சிலரி பிஎல்சிக்கு குடுத்து, அது போன ஒடனே பல்ஸ நிறுத்தி, ஹோம் ஓகே பிட்ட அடிச்சு விட்டுடுங்க. ரீசெட்டுக்கு அப்புறம் ஹோமிங், இல்லன்னா அப்சல்யூட் படிச்சு சரி பண்றது. இத விட்டுட்டு பழைய பொசிஷன்ல இருந்தே ஆட்டோ ஓட்டுனா க்ரிப்பர் நேரா ட்ரே மேல எறங்கும்.


பழையவயர்மேன்:

காத்து இடைவெளி வேணும்கற எடத்துல வேணும்னு ஒத்துக்கிட்டீங்கள்ல, அது போதும்பா எனக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன் பூனை, எஸ்டிஓ வயர எல்லாம் பேனலுக்கு உள்ளயே முடிச்சுடு, 24 வோல்ட் வயரோட சேத்து கட்டாத. எங்கயாச்சும் நசுங்கி 24 ஏறிடுச்சுன்னா எமர்ஜென்சி அடிச்சாலும் அந்த சேனல் ஆன்லயே நிக்கும். அப்புறம் அந்த சிஎன்8 ஷார்ட் கனெக்டர பேனல் கதவுல தொங்க விட்டுட்டு வராத. ராத்திரி ஷிஃப்ட்ல மெஷின் நின்னா அத எடுத்து மாட்டி ஓட்ற புண்ணியவான் எல்லா ஊர்லயும் இருக்கான், ஜெர்மனிலயும் இருப்பான்.


பேனல்பூனை:

அந்த கனெக்டர் மூணும் இப்ப என் டிராயர்ல இருக்குங்ண்ணா, கூட அனுப்பல. கர்ட்டன் எடத்துல கார்ட் லாக் கதவு போட மேனேஜர் ஒத்துக்கிட்டார், ஃப்ரேம் நீட்டறத விட அது செலவு கம்மி. அதனால டிலே 300-லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், கதவு லாக் எஸ்டிஓ போன பிறகு இன்னும் கொஞ்ச நேரம் டைமர் ஓடித்தான் விடும். பிரேக்குக்கு தனி சப்ளை, டிலே காண்டாக்ட் எல்லாம் மாத்தியாச்சு, இசட் இப்ப நின்ன எடத்துலயே நிக்குது, டயல் வச்சு பாத்தேன்.

கடைசியா ஒண்ணு. பிரேக் காயிலுக்கு குறுக்க டயோடு போட்டிருக்கேன், எங்க ஸ்டோர்ல இருந்தது அதான். வேரிஸ்டர்தான் போடணும்னு கேட்லாக்ல இருக்கு, ரெண்டும் ஒண்ணுதானே?


இன்டர்லாக்இந்திரன்:

ஒண்ணு இல்ல, மாத்திடுங்க. டயோடு போட்டா காயில் கரண்ட் அதுக்குள்ளயே சுத்திட்டு மெதுவா அடங்கும், பிரேக் பிடிக்க லேட்டாகும். நீங்க பிசி16-ல வச்ச 50 கேட்லாக்ல இருக்கற டைம நம்பி வச்சது, அந்த டைம் வேரிஸ்டர் போட்டு எடுத்தது. இப்ப டயல்ல நகராம தெரியறதுக்கு ஸ்க்ரூ ஃப்ரிக்ஷனும் காரணமா இருக்கலாம், புது மெஷின் டைட்டா இருக்கும், ஓடி ஓடி லூஸ் ஆனா அப்ப தெரியும். பிரேக் ரிலே டிசி பக்கத்துலயே கட் பண்ணட்டும், 24 வோல்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னாடி ஏசில கட் பண்ணா இன்னும் லேட்டாகும். வேரிஸ்டர் மாத்துன அப்புறம் பிரேக் சூடா இருக்கறப்ப, அதாவது ஒரு ஷிஃப்ட் ஓடி முடிச்ச பிறகு, ஃபுல் வெயிட்டோட இசட் கீழ எறங்கறப்ப எமர்ஜென்சி அடிச்சு டயல திரும்ப பாருங்க, அந்த ரீடிங்கையும் கிராஃப்பையும் வேலிடேஷன் ஃபைல்ல போடுங்க, ஆடிட்டர் மொதல்ல அதத்தான் கேப்பார்.